உலோகத்தின் கதை – 14: சேர்த்து வைத்த வெடி

சென்ற அத்தியாயத்தில் சார்லஸ் மன்றோவை நியூபோர்ட் டார்ப்பிடோ நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம். வெடிபஞ்சுக் கட்டியில் குழித்துப் பொறித்திருந்த எழுத்துகள், வெடித்தபோது அடியிலிருந்த இரும்புத் தகட்டிலும் பதிந்ததை அவர் 1888-ல் கண்டு சொன்னார். அந்தக் குழிவு வெடி அரை நூற்றாண்டுக்குப் பின் டாங்கியைத் துளைக்கும் ஆயுதமானது. இந்த முறை பார்க்கப்போவது அதே வெடி செய்த வேறொரு வேலை. எந்தப் பட்டறையிலும் சேர்க்க முடியாத இரண்டு உலோகங்களை அது சேர்த்து வைத்தது. சேர்ந்த இடத்தில் அவை ஒன்றோடொன்று வினைபுரிந்துவிடக் கூடாதே என்று ஒரு தலைமுறை கவலைப்பட்டது. அடுத்த தலைமுறை அந்த வினையையே தேடிப் போனது.

அலுமினியத்தையும் எஃகையும் ஒன்றாக வெல்டிங் செய்து தரச் சொன்னால் தேர்ந்த வெல்டரும் கையை விரித்துவிடுவார். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இரும்புக்கு 1,538 வேண்டும். அதுகூடப் பாதித் தொல்லைதான். இரண்டும் உருகிக் கலந்தால் நடுவே இரும்பு-அலுமினியச் சேர்மங்கள் பிறக்கும். வேதியியலார் இவற்றை இடையுலோகச் சேர்மங்கள் என்பார்கள். தாய் உலோகங்கள் இரண்டும் வளைந்து கொடுக்கும். பிறந்தது வளையாது, ஒரு தட்டு தட்டினால் விரிசல் விடும். டைட்டானியத்தையும் எஃகையும் உருக்கிச் சேர்த்தாலும் இதே கதி. ஆகவே, உருக்காமல் சேர்க்க வேண்டும், அல்லது சேர்மம் வளர நேரம் கொடுக்காமல் சேர்க்க வேண்டும்.

முதல் உலகப் போரிலேயே குண்டின் சிதறல்கள் வேறு உலோகப் பரப்பில் பெயர்க்க முடியாதபடி ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் உண்டு. போர்க்களத்தில் அதை உட்கார்ந்து ஆராய யாருக்கு நேரம்? அச்சில் வந்த முதல் தெளிவான பதிவு 1944-ம் ஆண்டினது. அமெரிக்காவின் 'மெட்டல் பிராகிரஸ்' இதழில் எல்.ஆர். கார்ல் எழுதினார்: டெட்டனேட்டர் சோதனை ஒன்றில் இரண்டு மெல்லிய பித்தளை வில்லைகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டுவிட்டன. ஏறக்குறைய அதே காலத்தில், 1944-க்கும் 1946-க்கும் இடையே, கீவ் நகருக்கு வெளியே ஃபியோஃபானியாவில் மிகயீல் லாவ்ரென்தியேவின் குழு குழிவு வெடிகளைச் சோதித்துக்கொண்டிருந்தது. அங்கும் செம்பும் எஃகும் ஒட்டிக்கொண்டன. லாவ்ரென்தியேவ் அடிப்படையில் கணிதர்; அவருடைய கவனம் முழுக்கக் குழிவு வெடியிலிருந்து பீறிட்டுத் துளைக்கும் உலோகத் தாரையின் மேல் இருந்தது. ஒட்டியதை ஓரமாக வைத்துவிட்டார்கள்.

அப்படி ஓரமாக வைத்த பொருளை மறுபடி கையில் எடுக்கப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. 1950-களில் விமானத் தொழிலில் வெடியால் தகட்டை அச்சுக்குள் அழுத்தி உருக்கொடுக்கும் முறை பரவியது. தகடு சில சமயம் அச்சோடு ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்தது. 1957-ல் பிலிப்சுக் என்பவர் அலுமினியத்தை எஃகோடு வெடியாலேயே இணைத்துக் காட்டினார். அதற்கான காப்புரிமை 1962-ல் வந்தது. இருந்தாலும் ஆய்வகத்து விந்தையைத் தொழிலாக மாற்றியது டூபாண்ட் நிறுவனம். 1802-ல் வெடிமருந்து ஆலையாகத் தொடங்கிய கம்பெனி அது. நைலானும் டெஃப்லானும் வந்த பிறகும் வெடிபொருள் பிரிவை விட்டுவிடவில்லை. அந்தப் பிரிவின் ஜார்ஜ் கோவன், ஜான் டக்ளஸ், அர்னால்டு ஹோல்ட்ஸ்மன் மூவரும் 'வெடிவழிப் பிணைப்பு' என்ற தலைப்பில் பெற்ற காப்புரிமையின் தேதி 1964 ஜூன் 23. டெட்டாகிளாட் என்ற வணிகப் பெயர் இங்கிருந்து வந்ததுதான்.

செய்முறை கேட்பதற்கு எளிமையானது. அடித்தகடு தரையில் கிடக்கும். அதற்கு மேலே சிறு இடைவெளி விட்டு, ஒட்ட வேண்டிய தகடு. அதன் முதுகில் வெடிபொருள் பரப்பியிருக்கும். ஒரு ஓரத்தில் பற்ற வைத்தால் வெடிப்பு மறு ஓரத்தை நோக்கி ஓடும். அது கடந்து போன இடத்திலெல்லாம் மேல்தகடு கீழே வளைந்து, வினாடிக்குச் சில நூறு மீட்டர் வேகத்தில் அடித்தகட்டைச் சாய்வாக மோதும். இரண்டு தகடுகளும் சந்திக்கும் அந்தக் கோடு வெடிப்போடு சேர்ந்து ஓடிக்கொண்டே இருக்கும். அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒரு லட்சம் மடங்கை எட்டும், தாண்டவும் செய்யும். அந்த அழுத்தத்தில் எஃகின் வலிமை ஒரு பொருட்டே இல்லை. இரு தகடுகளின் மேல்தோலும் பிய்ந்து, தாரையாக முன்னே பீறிட்டு வெளியேறும். ஆக்சைடு, எண்ணெய்ப் பிசுக்கு, அழுக்கு எல்லாம் அதோடு போய்விடும். பின்னால் வருவது இரண்டு அம்மணமான உலோகப் பரப்புகள். அவற்றின் அணுக்கள் நெருங்கினால் ஒட்டாமல் இருக்க வழியில்லை. ஒரு புள்ளியில் இவ்வளவும் முடிய ஆகும் நேரம் சில மைக்ரோ வினாடிகள். வெப்பம் உள்ளே பரவுவதற்குள் கதை முடிந்துவிடும்.

மன்றோவின் தாரையும் இதே தாரைதான். குழிவு வெடியில் அது கவசத்தைத் துளைக்கப் போகிறது. இங்கே துடைப்பம் பிடிக்கிறது. இன்னொரு கடனும் உண்டு. மேல்தகடு என்ன வேகத்தில் பறக்கும் என்பதைக் கணக்கிட வெடிப்பிணைப்பு ஆட்கள் இன்றைக்கும் எடுப்பது ரொனால்டு கர்னியின் சூத்திரத்தை. குண்டு வெடித்தால் அதன் ஓட்டுச் சிதறல்கள் எத்தனை வேகத்தில் போகும் என்று சொல்ல 1943-ல் அபெர்டீன் ராணுவச் சோதனைக் களத்தில் எழுதப்பட்டது அது.

ஒரு நிபந்தனை மட்டும் கறாரானது. சந்திப்புக் கோடு அந்த உலோகத்தில் ஒலி செல்லும் வேகத்தைவிட மெதுவாக ஓட வேண்டும். மீறி ஓடினால் அதிர்ச்சி அலை மோதும் இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். தாரை பிறக்காது, அழுக்கு போகாது. இந்த எல்லையை லாஸ் அலமாஸைச் சேர்ந்த வால்ஷ், ஷ்ரெஃப்லர், வில்லிக் மூவரும் 1953-லேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அவர்களுடைய நோக்கம் ஒட்டுவது அல்ல. எது எப்படியோ, ராணுவம் வேகமான வெடியைத் தேடித் தேடி அலைந்த காலத்தில் டூபாண்ட் ஆட்கள் மெதுவாகப் போகும் வெடியைத் தேடினார்கள்.

இப்படி ஒட்டிய தகட்டைக் குறுக்கே அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தபோது எவரும் எதிர்பாராதது தெரிந்தது. இரு உலோகங்களின் எல்லை நேர்கோடாக இல்லை. சீராக, ஒரே உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக அலைகள். சில அலைகளின் முகட்டுக்குப் பின்னால் சுருண்டு திரும்பிய சுழிகூட உறைந்து நின்றது. திடப் பொருளில் அலை எப்படி வரும்? இந்தக் கேள்வி இருபது ஆண்டுகள் நல்ல சண்டையை மூட்டியது. என்னைக் கேட்டால், இந்த வரலாற்றின் மிகச் சுவையான பகுதி இதுதான்.

பெல்ஃபாஸ்டில் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் பஹ்ரானி, பிளாக், கிராஸ்லாண்ட் மூவரும் 1967-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு விளக்கம் தந்தார்கள். தாரை அடித்தகட்டைக் குடைகிறது. குடைந்த இடத்துக்கு முன்னால் உலோகம் மேடாகக் குவிகிறது. மேடு தாரையை மறித்துத் திருப்பிவிடுகிறது. பிறகு மறுபடியும் குடைச்சல். கோவனும் ஹோல்ட்ஸ்மனும் 1963-லிருந்தே வேறு வழியில் போய்க்கொண்டிருந்தார்கள். கொள்ளிடத்தில் வெள்ளம் வரும்போது பாலத் தூணுக்குப் பின்னால் இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழிகள் கிளம்பிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். தியோடர் வான் கார்மன் 1911-ல் கணிதம் எழுதிய அதே சுழி வரிசைதான் இங்கேயும் என்றார்கள். மோதும் புள்ளிதான் தூண். இரண்டு உலோகங்களும் அதைச் சுற்றி ஓடும் நீர்.

கோவன், பெர்க்மன், ஹோல்ட்ஸ்மன் 1971-ல் வெளியிட்ட கட்டுரையில் இந்த ஒப்புமைக்கு எண் கொடுத்தார்கள். ஓடும் திரவம் எப்போது சீராகப் போகும், எப்போது சுழிக்கும் என்பதை ரெய்னால்ட்ஸ் எண் சொல்லும். அதைக் கணக்கிட திரவத்தின் பாகுத்தன்மை வேண்டும். எஃகுக்குப் பாகுத்தன்மை ஏது? அவர்கள் அந்த இடத்தில் உலோகத்தின் விக்கர்ஸ் கடினத்தன்மையைப் போட்டார்கள். பரிசோதனைச் சாலையில் வைரப் பிரமிடை அழுத்திக் குழியளவு பார்க்கும் அதே கடினத்தன்மை. பல உலோக ஜோடிகளில் பார்த்தபோது அந்த எண் சராசரியாக 10.6-ஐத் தாண்டும்போது நேர்கோடு அலையாக மாறியது. மிகத் துணிச்சலான பண்டமாற்று என்பேன்.

ரஷ்யர்கள் சும்மா இருக்கவில்லை. 1957-ல் சோவியத் அறிவியல் கழகத்தின் சைபீரியக் கிளை தொடங்கியபோது லாவ்ரென்தியேவ் நோவோசிபிர்ஸ்க் வந்து நீரியக்கவியல் நிறுவனத்தை அமைத்தார். வெடியை ஆராய நீரியக்கவியல் நிறுவனம்! அவர் மனத்தில் உலோகமும் நீரும் எத்தனை நெருக்கமாக இருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டாம். அங்கே திரிபாஸ் வெடிப்பிணைப்புக்குப் பொறுப்பேற்றார். கணிதர் கதுனோவ் அவரோடு சேர்ந்து, மோதும் உலோகத்துக்கு உண்மையாகவே ஒரு பாகுத்தன்மை உண்டு என்று வைத்துக் கணக்கிட்டார். அலைகளுக்குக் காரணம் இரு பாய்வுகளின் வேக வேறுபாடே என்று சிலரும், தகடுகளுக்குள் எதிரொலித்துத் திரும்பும் அழுத்த அலைகளே என்று சிலரும் வாதிட்டார்கள். யாரும் முழுதாகத் தோற்கவில்லை. இன்றைய கணினி உருவகங்களில் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு கிடைக்கிறது.

தொழிற்சாலைக்கு வேண்டியது இந்தச் சண்டையின் தீர்ப்பு அல்ல. அதற்கு வேண்டியது மூன்று விதமான எல்லைகளைப் பிரித்தறிவது: நேர்கோடு, அலை, இவற்றோடு இடைவிடாமல் உருகி உறைந்த படலம். மோதலின் ஆற்றல் மிஞ்சும்போது மூன்றாவது வருகிறது. உருகிய படலத்தில் பழைய எதிரி, அந்த நொறுங்கும் சேர்மம், தகட்டின் நீளம் முழுக்க இடம்பிடித்துவிடும். அலை வடிவத்தில் உருகல் சுழிகளுக்குள் மட்டும் சிறு சிறு பைகளாக அடைபட்டிருக்கும். சுற்றிலும் நல்ல உலோகம் நேரடியாகப் பற்றியிருப்பதால் விரிசல் நீளாது. அதனால்தான் அலை நல்ல அடையாளமாக மதிக்கப்பட்டது.

டூபாண்ட் ஆட்களின் கைவேலையை மக்கள் பையில் வைத்துக்கொண்டு திரிந்த கதையும் உண்டு. 1960-களில் அமெரிக்காவில் வெள்ளித் தட்டுப்பாடு. 1965 ஜூலை 23 அன்று லிண்டன் ஜான்சன் நாணயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்து சென்ட், இருபத்தைந்து சென்ட் காசுகளிலிருந்து வெள்ளி போயிற்று. ஆனால் நாடெங்கும் காசு போட்டால் பொருள் தரும் இயந்திரங்கள். அவற்றின் உள்ளிருந்த சோதிப்பான் வெள்ளியின் மின்கடத்தலைப் பார்த்துத்தான் காசை ஏற்றது. ஆகவே நடுவில் தூய செம்பு, இருபுறமும் 75 சதவீதம் செம்பும் 25 சதவீதம் நிக்கலும் கலந்த தோல் என்று மூன்று அடுக்கு. கண்ணுக்கு வெள்ளை, இயந்திரத்துக்கு வெள்ளி. உறவினர் யாராவது அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த குவார்ட்டர் வீட்டில் கிடந்தால் விளிம்பைப் பாருங்கள், செம்பின் சிவப்புக் கோடு தெரியும். அந்தத் தொடக்க காலத்தில் இந்த அடுக்குத் தகட்டில் ஒரு பகுதியை டூபாண்ட் வெடியால் ஒட்டித் தந்தது. பெரிய கட்டிகளாக ஒட்டி, பிறகு உருளைகளுக்கிடையே விட்டுக் காசுத் தடிமனுக்கு மெலிதாக்குவார்கள். அலையெல்லாம் உருளையில் நசுங்கிப்போகும். உருளையிலேயே அழுத்தி ஒட்டும் முறை மலிவாக வந்ததும் நாணயத் தொழிலிலிருந்து வெடி விலகிக்கொண்டது.

வெடியை விட்டால் வழியில்லாத இடங்களில் அது நிலைத்தது. எஃகு உடலும் அலுமினிய மேற்கட்டும் கொண்ட கப்பல்களில் இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெடியால் ஒட்டிய பட்டை ஒன்று ஓடும்: ஒரு பக்கம் எஃகு, அதை எஃகோடு வெல்டிங் செய்யலாம், மறுபக்கம் அலுமினியம். வெல்டிங் செய்யும்போது ஒட்டு எல்லை ஏறக்குறைய 300 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தாண்டினால் அணுக்கள் ஊர்ந்து கலந்து, வெடி தவிர்த்த சேர்மத்தை வெல்டர் வளர்த்துவிடுவார். அதிக வெப்பம் வரும் இடங்களில் நடுவராக டைட்டானியப் படலம் ஒன்றை வைப்பதும் வழக்கம். பாலியெஸ்டர் துணிக்கு மூலமான டெரிதாலிக் அமிலத்தைத் தயாரிக்கும் கலன்களுக்கும் வெடிப்பிணைப்பு வேண்டும். உள்ளே இருக்கும் அசிட்டிக் அமிலமும் புரோமைடும் எஃகைத் தின்றுவிடும். கலன் முழுவதையும் டைட்டானியத்தில் செய்யப் பணம் காணாது. எஃகின் உட்புறத்தில் டைட்டானியப் போர்வையை வெடியால் ஒட்டிவிடுவார்கள். டெட்டாகிளாட் பிரிவை 1996-ல் கொலராடோவின் டைனமிக் மெட்டீரியல்ஸ் வாங்கியது. வெடிப்பது பென்சில்வேனியாவில் டன்பார் அருகே பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள். நம் பக்கத்தில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையிலிருந்து செம்பை எஃகின் மேல் வெடியால் போர்த்துவது பற்றி 2003-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது; அந்தத் துறையில் இந்த வேலை பிறகும் தொடர்ந்தது.

இனி கதை திரும்புகிறது. ஒட்டுபவர்கள் ஒடுக்கப் பார்த்த அந்த வினையை, வேண்டும் என்றே கிளப்பிப் பார்த்தவர்கள் வேறு கூட்டம். 1963-ல் ஜப்பானில் கிமுரா, வெடியின் அழுத்தத்தால் துத்தநாக ஃபெரைட்டை உண்டாக்கியதாக எழுதினார். அடுப்பில் மணிக்கணக்கில் வேகவைத்துப் பெறும் சேர்மம் கண்ணிமைக்கும் நேரத்தில்! சோவியத்தில் பத்சானோவ் இதே பாதையில் நெடுந்தூரம் போனார். உலோகத்துக்கு உலோகம் என்று வந்தபோது எல்லோரும் விரும்பிய ஜோடி நிக்கலும் அலுமினியமும். இரண்டும் சேர்ந்தால் பெருவெப்பம் வெளிப்படும்; பிறக்கும் நிக்கல் அலுமினைடு 1,638 டிகிரி வரை உருகாது.

நியூ மெக்சிகோவின் சாண்டியா ஆய்வகத்தில் பொடிக் கலவையைச் செப்பு உறைக்குள் அடைத்து, வெடித்து, உறை சிதறாமல் மீட்டெடுக்கும் சாதனங்களைக் கட்டினார்கள். அவற்றுக்கு வைத்த பெயர்கள் அப்பா கரடி, அம்மா கரடி, குட்டிக் கரடி. அணு ஆயுத ஆய்வகத்துக்குள்ளும் குழந்தைக் கதை படித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். 1985-ல் ஹோரி, கிரஹம், சைமன்சன் மூவரும் இந்த வழியில் நிக்கல் அலுமினைடு கிடைத்ததை வெளியிட்டார்கள். உடனே எழுந்த கேள்விக்குப் பதில் சொல்லுவதுதான் கடினமாக இருந்தது. வினை எப்போது நடந்தது? அதிர்ச்சி அலை உள்ளே இருந்த அந்த மைக்ரோ வினாடியிலா, அலை போன பிறகு மிச்சச் சூட்டில் சாவகாசமாகவா? வெடித்து முடிந்த உறையை அறுத்துப் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவதை அதிர்ச்சி தூண்டிய வினை என்றும், இரண்டாவதை அதிர்ச்சி துணைசெய்த வினை என்றும் பிரித்துச் சொல்ல, ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் நரேஷ் தடானி போன்றவர்கள் பல்லாண்டு உழைத்தார்கள்.

பொடியில் இதைத் தீர்ப்பது சிரமம், ஏனென்றால் பொடியில் பாதி வேலையைச் செய்வது வெற்றிடங்கள். துகள்களுக்கு நடுவே உள்ள இடைவெளி நசுங்கும்போது அங்கே தனியாகச் சூடு குவியும். எந்தத் துகள் எங்கே இருந்தது என்றும் சொல்ல முடியாது. அடுக்கு உலோகத்துக்கு ஆய்வாளர்கள் வந்து சேர்ந்த காரணம் இதுதான். நிக்கல் தாளையும் அலுமினியத் தாளையும் மாற்றி மாற்றி அடுக்கி, உருளையில் விட்டு அழுத்தி, மடித்து மறுபடி அழுத்தினால் வெற்றிடமே இல்லாத அடுக்குக் கட்டி கிடைக்கும். அதைவிட நுட்பமாக, ஆவியாக்கிப் படியவைத்து, நானோமீட்டர் தடிமனில் ஆயிரக்கணக்கான அடுக்குகளைக் கட்டும் வழியை லிவர்மோர் ஆய்வகத்தில் டிராய் பார்பியும் டிமோதி வைஸும் 1990-களில் கண்டார்கள். இந்தத் தாளின் ஓரத்தில் சிறு தீப்பொறி பட்டால் போதும். வினை வினாடிக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் வேகம் வரை தாள் முழுக்க ஓடிவிடும். வைஸ் பின்னர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போய், ஓமர் கினியோவுடன் சேர்ந்து 2001-ல் ஒரு நிறுவனம் தொடங்கி, மின்னணுப் பாகங்களை ஈயப்பற்று வைக்க இந்தத் தாளை விற்றார். வெளியே அடுப்பு வேண்டாம், பற்றுவைக்கும் சூடு தாளுக்குள்ளேயே இருக்கிறது.

அதிர்ச்சி அலையை இந்த அடுக்குக்குள் அனுப்பினால் என்ன ஆகும்? நிக்கலின் அடர்த்தி 8.9, அலுமினியத்துக்கு 2.7. அதிர்ச்சிக்கு அவை காட்டும் எதிர்ப்பில் ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். அலை அடுக்குகளுக்குச் செங்குத்தாகப் போனால் ஒவ்வோர் எல்லையிலும் ஒரு பகுதி திரும்பும், ஒரு பகுதி தாண்டும். திரும்பியது மறுபடி திரும்பும். கூர்மையாக உள்ளே போன அலை படிப்படியாகத் தேய்ந்து பரந்து வெளியே வரும். அடுக்குகளின் நீளவாக்கில் போனால் கதை வேறு. இரண்டு உலோகங்களும் வெவ்வேறு வேகத்தில் தள்ளப்படுவதால் எல்லையில் ஒன்று மற்றதன் மேல் வழுக்கித் தேயும், அந்தத் தேய்ப்பு வலுத்தால் சுழிகள் எழும். ஸ்பெக்ட், வைஸ், தடானி 2012-ல் வெளியிட்ட ஆய்வில், உருட்டிச் செய்த உண்மையான அடுக்குகளின் நுண்படங்களையே கணினியில் ஏற்றி அவற்றின் மேல் அதிர்ச்சி அலையை ஓட்டிப் பார்த்தார்கள். அடுக்கு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அலையின் போக்கு மாறியது.

சுழி ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். உருகிய உலோகத்திலும் ஓர் அணு ஒரு மைக்ரோ வினாடியில் தானாக ஊர்ந்து போகும் தூரம் நூறு நானோமீட்டருக்கு உட்பட்டது. அடுக்கின் தடிமன் பத்து மைக்ரோமீட்டர் என்றால் அது நூறு மடங்கு. ஆக, அதிர்ச்சி இருக்கும்போதே வினை முடிய வேண்டுமானால் அணுக்கள் ஊர்ந்தால் ஆகாது. உலோகமே மடிந்து, சுருண்டு, ஒன்றுக்குள் ஒன்று இழுபட வேண்டும். கோவனும் கிராஸ்லாண்டும் நுண்ணோக்கியில் பார்த்துச் சண்டையிட்ட அதே சுருள் இது. சுழிக்குள் அடைபட்ட உருகல் பையை அவர்கள் குறை என்று எழுதினார்கள். வினை தேடியவர்களுக்கு அதுவே தொடக்கப்புள்ளி.

கோவனும் ஹோல்ட்ஸ்மனும் தகடு ஒட்டுவதோடு நிற்கவில்லை. அவர்கள் டன்னிங்டனோடு சேர்ந்து 1968-ல் பெற்ற இன்னொரு காப்புரிமை, கார்பனை அதிர்ச்சி அலையால் நசுக்கி வைரமாக்குவது. அதில் உலோகத்துக்கு என்ன வேலை, கார்பனோடு உலோகத்தையும் ஏன் சேர்த்து வெடித்தார்கள் என்பது அடுத்த அத்தியாயத்தில்.